ஏறு ரோஜா இருபது அடி ஏறிவிட்டது, பூ மட்டும் இல்லை: கவாத்து செய்யலாமா?

கேள்வி: கோத்தகிரி வாசகர், 9 ஜனவரி 2021

வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டி மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏறு ரோஜா நட்டேன். ‘கிளைம்பிங் லேடி ஹில்லிங்டன்’ என்று சீட்டுக் கட்டியிருந்த ஒட்டுச்செடி. முதல் ஆண்டில் மஞ்சளில் சற்றே ஆரஞ்சு கலந்த நிறத்தில் ஏழெட்டுப் பூக்கள் வந்தன. அதற்குப் பிறகு செடி வெறிகொண்டாற்போல் வளர்கிறது. இருபது அடி ஏறி ஓட்டுக் கூரைக்குள் நுழைகிறது. பூ ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் இடுப்பளவுக்குக் கவாத்து செய்கிறேன்; ஆண்டு முடிவதற்குள் மறுபடியும் கூரைக்கு வந்துவிடுகிறது. இந்த முறை முழங்கால் அளவுக்கு வெட்டலாமா, அல்லது பிடுங்கி எறிந்துவிடலாமா?

10 ஜனவரி 2021

முழங்கால் அளவுக்கும் வேண்டாம், இடுப்பளவுக்கும் வேண்டாம். கத்தியை உள்ளே வையுங்கள். நம் மலையில் வளர்ந்தவர்களுக்குச் செடி என்றாலே தேயிலைதான் கண்முன் நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்தால் தூர் பருத்து, மேசை போலப் பரந்து, கொழுந்து திரும்ப வரும் என்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறோம். ஆனால் தேயிலையில் நாம் கேட்பது கொழுந்தை. பூத்துவிட்டால் அங்கே அது குறை. அதே கத்தியை ஏறு ரோஜாவின் மேல் வைத்தால் அதுவும் நமக்குக் கொழுந்தையே தருகிறது. நீங்கள் வெட்டும் ஒவ்வொரு ஜனவரியிலும் செடி தன் வேரில் சேர்த்துவைத்த பலத்தையெல்லாம் திரட்டி நீளமான, பூவற்ற நீர்ப்போத்துகளாக மேலே அனுப்புகிறது. அவை முதிர்ந்து பூக்கத் தயாராகும் நேரத்தில் நீங்கள் மறுபடியும் வெட்டுகிறீர்கள்.

செய்ய வேண்டியது வளைப்பது. தண்டு நிமிர்ந்து நிற்கும்வரை அதன் நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் கீழிறங்கி, வழியில் இருக்கும் மொட்டுகளை உறங்க வைத்திருக்கும். இதைத்தான் நுனி ஆதிக்கம் என்கிறோம். அதே தண்டைப் படுக்கவைத்துக் கட்டினால் அந்த ஆதிக்கம் தளர்ந்து, கணுவுக்குக் கணு மொட்டு விழித்து, ஒரு சாண் நீளப் பக்கக் கிளைகள் மேல்நோக்கி எழும். பூ அவற்றின் நுனியில்தான் வரும். இருபது அடித் தண்டு நிமிர்ந்து நின்றால் உச்சியில் ஒரு கொத்து. படுத்துக் கிடந்தால் அதன் நீளமெல்லாம் பூ.

சுவரில் ஒன்றரை அடிக்கு ஒரு வரிசையாகத் துருப்பிடிக்காத கம்பியை இழுத்துக் கட்டுங்கள். கம்பிக்கும் சுவருக்கும் இடையே நான்கு விரற்கடையாவது காற்று போக இடம் வேண்டும். கட்டுவதற்கு நைலான் கயிறு ஆகாது, தண்டு பருக்கும்போது அறுத்துவிடும். வாழை நாரோ பழைய வேட்டிக் கிழிசலோ போதும். ஓராண்டு பொறுத்திருந்து பாருங்கள்.

11 ஜனவரி 2021

நேற்று எழுத விட்டது ஒன்று. தேயிலைக்கு வாங்கிய யூரியாவில் மீதியை ரோஜாவுக்குப் போடும் வழக்கம் உங்கள் வீட்டில் உண்டா? என் வீட்டில் இருந்தது. தழைச்சத்து மிகுந்தால் இலையும் தண்டும் கொழிக்கும், பூ பின்தங்கும். இன்னொன்று, தேயிலை விரும்பும் மண் வேறு, ரோஜா விரும்பும் மண் வேறு. தேயிலைக்கு மண்ணின் கார அமிலத்தன்மை 4.5 முதல் 5.5 வரை இருந்தால் போதும். ரோஜாவுக்கு 6-க்கும் 6.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். எஸ்டேட் ஓரத்து மண்ணில் நட்டிருந்தால் டோலமைட் சுண்ணாம்பைக் கொஞ்சம் தூவிக் கிளறிவிடுங்கள்.

17 ஜனவரி 2021

“தண்டை வளைத்தால் முறியாதா?” என்று கேட்டிருக்கிறார்கள். முறியும். என் வீட்டு ‘மெர்மெய்ட்’ ஏறு ரோஜாவில் நடந்ததைச் சொல்கிறேன்.

குன்னூரில் எங்கள் வீட்டுப் பின்சுவரில் இருக்கும் மெர்மெய்டை, ஒரு பழைய பங்களாவின் வேலியிலிருந்து பதியனாகப் பெற்று 1998-இல் நட்டேன். இங்கிலாந்தில் வில்லியம் பால் நிறுவனம் 1918-இல் வெளியிட்ட ரோஜா அது. தாய்ச்செடி, சீனாவிலிருந்து வந்த மெக்கார்ட்னி ரோஜா. ஐந்தே இதழ்கள், எலுமிச்சை மஞ்சள், நடுவே தேன் நிற மகரந்தக் கற்றை. இதழ்கள் உதிர்ந்த பிறகும் அந்தக் கற்றை மட்டும் இரண்டொரு நாள் காம்பில் நிற்கும், அதுவே ஒரு தனிப் பூப்போல. கரும்புள்ளி நோய் அதை அநேகமாகத் தொடுவதில்லை. ஆனால் அதன் முள் கொக்கி போன்றது. ஒருமுறை சட்டையைப் பிடித்தால் பின்னோக்கி நகர்ந்துதான் விடுவிக்க வேண்டும்.

நட்ட மூன்றாம் ஆண்டு, படித்ததை அப்படியே செய்ய நினைத்து, கட்டைவிரல் பருமனான முதன்மைத் தண்டை ஒரே மாலையில் தரைக்கு இணையாக வளைக்கப் போனேன். தண்டு அடியில் சடக்கென்று ஒடிந்தது. எட்டு அடித் தண்டு கையோடு வந்துவிட்டது. இரவெல்லாம் அந்தச் சத்தம் காதில் இருந்தது. மெர்மெய்டின் தண்டு முதிர்ந்தால் கண்ணாடி போல ஒடியும் என்பது அன்று தெரிந்தது. இளம்பச்சையாக, பென்சில் பருமனில் இருக்கும்போதே திசையைக் காட்டிவிட வேண்டும். முதிர்ந்த தண்டை இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாக, மழை பெய்து ஈரமேறிய நாள்களில் மட்டும் சாய்க்க வேண்டும்.

எனவே 10-ஆம் தேதி நான் எழுதிய ‘படுக்கவைத்துக் கட்டுங்கள்’ என்பதைத் திருத்திக்கொள்கிறேன். வளையும் ரகத்தைப் படுக்கவையுங்கள். வளையாததை விசிறி போலச் சாய்வாக விரித்துக் கட்டினாலே போதும்.

2 பிப்ரவரி 2021

கோத்தகிரி நண்பர் ஏழு தண்டுகளைப் படுக்கவைத்துக் கட்டிவிட்டதாக எழுதியிருக்கிறார். ஒன்றுகூட ஒடியவில்லையாம், “கொடி மாதிரி வளைகிறது” என்கிறார். படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது.

21 பிப்ரவரி 2021

ஒருவர் “வெட்டவே கூடாது என்பது தவறு” என்று கண்டித்திருக்கிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நான் அவசரத்தில் எல்லா ஏறு ரோஜாவையும் ஒரே கூடையில் போட்டுவிட்டேன்.

எப்போது வெட்டுவது என்பதைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அந்தச் செடி எந்தத் தண்டில் பூக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பேங்க்ஸியா ரோஜா போன வருடமும் அதற்கு முன்னும் வந்த பழைய தண்டில், ஆண்டுக்கு ஒரே ஒருமுறை பூக்கும். அதைக் குளிர்காலத்தில் வெட்டுகிறவர் அந்த ஆண்டின் பூவை முழுவதும் வெட்டி எறிகிறார்; பூ முடிந்த கையோடு வெட்டினால் ஒரு குறையும் இல்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் டூம்ஸ்டோன் என்ற சிற்றூரில் 1885-இல் நட்ட வெள்ளைப் பேங்க்ஸியா ஒன்று இன்றும் ஒரு முற்றம் முழுவதையும் பந்தலாக மூடிப் பூக்கிறது. முறுக்கிய அடிமரம், மேலே தாங்குவதற்குக் கால்கள், அவ்வளவுதான். லேடி ஹில்லிங்டன் போலத் திரும்பத் திரும்பப் பூக்கும் ரகங்களில், முதன்மைத் தண்டை விட்டுவிட்டுப் பக்கக் கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கண் வைத்து வெட்டலாம். மெர்மெய்டிலோ காய்ந்ததை எடுப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 2004-இல் சுவருக்கு வெள்ளையடிப்பதற்காக என்னுடையதைப் பாதியாக வெட்டினேன். மூன்று ஆண்டுகள் அது பூவில்லாமல் நின்றது.

14 மார்ச் 2021

இளந்தளிர்கள் மாவு பூசியதுபோல் வெளுத்துச் சுருண்டால் அது சாம்பல் நோய். பகல் காய்ந்தும் இரவு குளிர்ந்தும் இருக்கும் இந்த வாரங்கள்தான் அதற்கு உகந்த காலம். நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, வெயில் ஏறுவதற்குள் தெளியுங்கள்.

18 ஏப்ரல் 2021

இன்று காலை கோத்தகிரி நண்பர் அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகு ஒரு மணி நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

சுவர் முழுவதும் பூ. படுக்கவைத்த ஏழு தண்டுகளிலும் கணுவுக்குக் கணு கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கிறது. அவர் நன்றி சொல்லி எழுதியிருக்கிறார். ஆனால் எல்லாம் வெள்ளைப் பூக்கள். ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணய அளவு, ஐந்து இதழ், பெருங்கொத்தாக. லேடி ஹில்லிங்டன் வெள்ளையாகப் பூக்காது, கொத்தாகவும் பூக்காது.

அவருடைய சுவரில் இருப்பது மல்டிஃப்ளோரா: நம் மலைகளில் ஒட்டுக் கட்டுவதற்கு வேர்ச்செடியாகப் பயன்படும் காட்டு ரோஜா. ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பிய போத்து, மேலே ஒட்டியிருந்த செடியை அமுக்கிவிட்டு, மூன்று ஆண்டுகளாகத் தானே ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. பேங்க்ஸியா போலவே அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை, பழைய தண்டில் பூக்கும். ஜனவரிதோறும் வெட்டியதால் பூவே வரவில்லை. பூ வராததால் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை.

அவருடைய முதல் கேள்வியை இப்போது மறுபடி படிக்கிறேன். ‘முதல் ஆண்டில் ஏழெட்டு மஞ்சள் பூ, அதற்குப் பிறகு வெறிகொண்ட வளர்ச்சி, பூ இல்லை.’ விடை அந்த வரியிலேயே இருந்தது. ஒட்டுச்செடி என்றும் அவரே எழுதியிருந்தார். லேடி ஹில்லிங்டனின் இளந்தளிர் நாவல்பழத் தோல் போலக் கருஞ்சிவப்பாக இருக்கும். உங்கள் செடியின் தளிர் என்ன நிறம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். “கொடி மாதிரி வளைகிறது” என்று அவர் எழுதியபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கவாத்தைப் பற்றிப் பேசும் வேகத்தில் செடியின் அடியைப் பார்க்கச் சொல்லவே இல்லை. நண்பரே, அதற்காக வருந்துகிறேன்.

19 ஏப்ரல் 2021

அவர் பதில் எழுதியிருக்கிறார். போன ஆண்டு தூரின் அருகே ஒன்றிரண்டு சிறு வெள்ளைப் பூக்கொத்துகளைப் பார்த்ததாகவும், வேலியில் வளரும் காட்டு ராஸ்பெர்ரி என்று நினைத்து விட்டுவிட்டதாகவும் சொல்கிறார். இப்போதைய தளிர் வெளிர்பச்சை என்கிறார். அவருடைய தாயாருக்கு வெள்ளைப் பூ மிகவும் பிடித்துவிட்டதாம்.

20 ஏப்ரல் 2021

“ஐந்து சிற்றிலை இருந்தால் நல்ல ரோஜா, ஏழு இருந்தால் காட்டுப் போத்து, இதற்கு எதற்கு இவ்வளவு எழுத வேண்டும்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கணக்கை நம்பிப் பலர் நல்ல தண்டையே வெட்டியிருக்கிறார்கள். மெர்மெய்டில் ஏழும் வரும், ஐந்தும் வரும். பழைய ஏறு ரோஜாக்கள் பலவற்றில் ஏழு சாதாரணம்.

மல்டிஃப்ளோராவுக்கு நம்பத்தகுந்த அடையாளம் இலைக்காம்பின் அடியில் இருக்கிறது. காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இருபுறமும் ஒட்டியிருக்கும் சிறு இலையடிச் செதிலைப் பாருங்கள். அதன் விளிம்பு சீப்பின் பல்போல, மெல்லிய இழை இழையாகக் கிழிந்திருந்தால் மல்டிஃப்ளோரா ரத்தம் அதில் இருக்கிறது. தோட்டத்து ரோஜாக்களிலும் சிலவற்றுக்கு அந்த ரத்தம் உண்டு என்பதால் இதுவும் முடிந்த முடிவல்ல. தண்டைப் பிடித்தபடி கீழே வந்து, மண்ணை விலக்கி, அது எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்ணால் பார்ப்பதுதான் முடிவு. ஒட்டின் முடிச்சுக்கு மேலே என்றால் உங்கள் செடி. கீழே என்றால் வேர்ச்செடி.

9 மே 2021

நான் போக முடியாததால் தொலைபேசியில் சொல்லச் சொல்ல அவரே மண்ணை விலக்கினார். நட்டபோது ஒட்டு மண்ணுக்கு மேலே இருந்திருக்கிறது. மூன்று ஆண்டில் கூரைத்தண்ணீர் அடித்துச் சேர்த்த மண் அரையடி. அதற்குள் பதினோரு போத்துகள், விரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரை. எல்லாவற்றுக்கும் நடுவே, சுவர்ப் பக்கமாக, பென்சிலைவிட மெல்லிய ஒரு தண்டு, இரண்டு சாண் உயரம், நுனியில் நான்கே இலை. அந்த இலை கருஞ்சிவப்பு.

லேடி ஹில்லிங்டன் உயிரோடு இருக்கிறது.

போத்துகளை வெட்டினால் அடியில் எஞ்சும் கண்ணிலிருந்து ஒன்றுக்கு மூன்றாக வரும். கிளம்பும் இடத்திலேயே பிடித்து, கீழ்நோக்கி இழுத்து, அடியோடு பிய்த்தெடுக்க வேண்டும். மெல்லியவற்றை அப்படியே எடுத்துவிட்டார். மணிக்கட்டுப் பருமன் உள்ள மூன்றை இப்போது தொட வேண்டாம் என்று சொன்னேன். அவைதான் வேர் முழுவதற்கும் உணவு தருகின்றன, ஒரே நாளில் எடுத்தால் அந்த மெல்லிய தண்டும் சேர்ந்து போய்விடும்.

27 ஜூன் 2021

மதுரையிலிருந்து ஒரு சகோதரி, மலை இல்லாத ஊரில் ஏறு ரோஜாவுக்கு வழி உண்டா என்று கேட்கிறார். உண்டு, ஆனால் சுவரைத் தேர்வு செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. என் தங்கை திருநெல்வேலியில் மேற்குச் சுவரில் வைத்ததை, மாலை வெயிலில் சுவர் கக்கிய வெப்பமே கருக்கிவிட்டது. கிழக்குப் பக்கம் மாற்றி வைத்தது பிழைத்தது. கோடையில் இலையின் அடியில் சிவப்புச் சிலந்திப் பேன் வரும். அதற்கு மருந்தைத் தேடும் முன், நாள்தோறும் காலையில் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள்.

வெப்பத்தைத் தாங்கும் ரோஜாவுக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட இருவர் கொடைக்கானலில் இருக்கிறார்கள்: வீரராகவன், கிரிஜா வீரராகவன் தம்பதியர். மணிப்பூர், பர்மா மலைகளில் மரத்தின் உச்சிவரை ஏறும் ஜைஜான்டியா ரோஜாவையும், நீரோரங்களில் வளரும் கிளைனோஃபில்லா ரோஜாவையும் பயன்படுத்திப் புதிய ரகங்களை உருவாக்கியவர்கள். தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளின் பெயரையும் ஒரு ரோஜாவுக்குச் சூட்டியிருக்கிறார்கள். நம் சீதோஷ்ணத்துக்கு வேண்டிய ரோஜா நம் காட்டு ரோஜாக்களிலிருந்துதான் வர வேண்டும் என்பது அவர்கள் பிடித்துக்கொண்ட வழி. அதை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

28 ஜூன் 2021

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. நம் சோலைக்காடுகளின் ஓரத்திலேயே ஒரு காட்டு ஏறு ரோஜா இருக்கிறது: ரோசா லெஷெனோல்டியானா. நீலகிரியிலும் பழனி மலையிலும் இயல்பாக வளர்வது, வெள்ளைப் பூ. புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோவின் பெயரைத் தாங்கியது. கோத்தகிரி நண்பரின் வெள்ளை ரோஜா அதுவாக இருக்குமோ என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, இதன் பூ பெரியது, மல்டிஃப்ளோராவைப் போலப் பெருங்கொத்தாக வராது. காட்டில் பார்த்தால் தயவுசெய்து பிடுங்கி வராதீர்கள்.

7 நவம்பர் 2021

வடகிழக்குப் பருவமழை. மூடுபனி விலகாத நாள்கள். கரும்புள்ளி நோயின் வித்து முளைக்க இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும்; நம் ஊரில் இப்போது ஈரம் காய்வதே இல்லை. சுவருக்கும் கம்பிக்கும் இடையே நான்கு விரற்கடை விடச் சொன்னது இதற்காகத்தான். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம்.

30 ஜனவரி 2022

கோத்தகிரியிலிருந்து செய்தி: மெல்லிய தண்டு இப்போது நான்கடி. பெரிய போத்துகளில் இரண்டை எடுத்துவிட்டார். மூன்றாவதை எடுக்கும் முன் அதன் தண்டுகளிலிருந்து துண்டுகள் வெட்டி, தோட்டத்தின் கீழ் வேலி நெடுக நட்டிருக்கிறார். தாயாருக்கு வெள்ளைப் பூவும் வேண்டும், காட்டுமாடு உள்ளே வராமல் முள்ளும் வேண்டும் என்கிறார். அந்த வேலியில் அதை வெட்ட யாருக்கும் அவசியம் இல்லை.

லேடி ஹில்லிங்டனில் ஒரு கிளையை இந்த ஆண்டே மண் பதியன் போடச் சொல்லியிருக்கிறேன். சொந்த வேரில் நிற்கும் செடியில், கீழிருந்து எது வந்தாலும் அதே ரோஜாதான் வரும். 11 ஜனவரி 2021 அன்று யூரியாவின் மேல் நான் போட்ட பழியையும் பெரும்பாலும் திரும்பப் பெறுகிறேன்; யூரியா இல்லாமலும் மல்டிஃப்ளோரா அந்தக் கூரையை எட்டியிருக்கும்.

16 ஏப்ரல் 2023

முதல் பூ. படத்தில் பூவின் முகம் தெரியவில்லை, தலை கவிழ்ந்திருக்கிறது. இந்த ரகத்துக்குக் கழுத்து மெல்லியது. குட்டைச் செடியில் அது குறை, பத்தடி உயரச் சுவரில் அதுவே அழகு, கீழே நிற்பவரைப் பூ குனிந்து பார்க்கும். 1910-இல் வந்த புதர் ரகத்திலிருந்து தானாக மாறிக் கிளைத்த ஏறு வடிவம் இது, 1917-இல் வெளிவந்தது.

லேடி ஹில்லிங்டன் டீ ரோஜா இனம். அந்த இனப்பெயர் மணத்தால் வந்தது என்பார்கள். எந்தத் தேயிலையின் மணம் என்று வெகு நாள் யோசித்திருக்கிறேன். கோப்பைத் தேநீரின் மணம் அல்ல. எங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள தேயிலைத் தொழிற்சாலையில், பறித்த கொழுந்தை மாடியில் விரித்து வாட்டும்போது அதிகாலையில் ஒரு மணம் வரும், பச்சையும் பழமும் கலந்தது. அதற்கு மிக அருகில் இருக்கிறது. கோத்தகிரி நண்பரிடம் முகர்ந்து பார்த்துச் சொல்லச் சொன்னேன். “அம்மாவிடம் கேட்டேன், கொழுந்து மணம்தான் என்கிறார்” என்று பதில் வந்தது. அவருடைய தாயார் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர்.

4 பிப்ரவரி 2024

பதியனுக்கு வேர் பிடித்துவிட்டதாக எழுதியிருக்கிறார். தாய்ச்செடியிலிருந்து எப்போது அறுக்கலாம் என்று கேட்கிறார். ஏப்ரல், மே மழை இரண்டு முறை நன்றாகப் பெய்து, நுனியில் கருஞ்சிவப்புத் தளிர் தெரிந்த பிறகு அறுங்கள். அறுத்த இடத்திலேயே ஒரு மாதம் இருக்கட்டும். தென்மேற்குச் சாரல் தொடங்கியதும் மண்கட்டியோடு எடுத்து நடலாம். நடும்போது சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் குழி எடுங்கள், கூரைத்தண்ணீர் விழும் வரிசையில் வேண்டாம். எனக்கும் ஒரு பதியன் வேண்டும்.